கூட்டுப்பொருள் விமானங்களின் மூப்பு

திருத்தக்கதேவரின் சீவக சிந்தாமணியில் சச்சந்தன் பொருட்டுத் தச்சன் ஒருவன் மயிற்பொறி அமைத்த செய்தியைத் தமிழ் பயின்றோர் நன்கறிவர். விசயை அதன்மீதேறி விண்வழிச் சென்ற காட்சியை வியந்து பேசுவோர் பலர். அப்பொறி எவற்றால் ஆயது என்று புலவர் கூறும் இடத்தை நின்று நோக்குவோர் சிலரே. துணி, நூல், பயின் என்னும் பசை, அரக்கு, மெழுகு என்பன அவர் தரும் பொருள்களுள் அடங்கும். இதைக் கொண்டு பண்டைத் தமிழர் வானூர்தி செய்து பறந்தனர் என்று வாதிட நாம் முன்வரவில்லை. அது காப்பியக் கற்பனை. எனினும், இழையும் பசையும் ஒன்றானால் எடை குறைந்தும் வலிமை மிகுந்தும் ஒரு பொருள் பிறக்கும் என்னும் கைத்தொழில் அறிவு அக்கற்பனைக்கு அடித்தளமாய்க் கிடக்கிறது. இன்றைய சிறு விமானங்கள் பலவும் அந்நெறியிலேயே உருவாகின்றன. நூலின் இடத்தில் கண்ணாடி இழையும் கார்பன் இழையும் வந்துள்ளன; அரக்கின் இடத்தில் எபாக்சி என்னும் செயற்கைப் பிசின் வந்துள்ளது. இவ்வாறு இழையும் பிசினும் கூடிய பொருளையே கூட்டுப்பொருள் என்கிறோம்.

இத்தகைய விமானத்தை முதன்முறை காண்போர் மனத்தில் ஓர் ஐயம் எழுவது இயல்பே. மொட்டைமாடியில் ஈராண்டு வெயிலில் கிடந்த பிளாஸ்டிக் வாளியின் பிடி தூக்கும்போதே ஒடிந்து கையோடு வருவதை நாம் கண்டிருக்கிறோம். அவ்வாறாயின், பிசினால் ஆன சிறகை நம்பி இருபதாம் ஆண்டில் ஒரு மாணவனை வானில் ஏற்றலாமா? இவ்வினா வெறும் ஆர்வத்தின்பாற்பட்டதன்று. பயிற்சி விமானங்கள் ஒருவர் கையிலிருந்து மற்றொருவர் கைக்கு மாறி மாறிப் பல்லாண்டு உழைப்பவை. அவற்றில் ஏறுவோர் பெரும்பாலும் இளைஞர்கள். அருகே அமரும் ஆசிரியரையும் அடியில் இருக்கும் பொறியையும் ஐயுறும் நிலையில் அவர்கள் இல்லை.

முதலில் இவ்வகை விமானங்களின் அகவையை நோக்குவோம். ஜெர்மனியின் ஸ்டுட்கார்ட் பல்கலைக்கழக மாணவர் குழு உருவாக்கிய 'பீனிக்ஸ்' என்னும் கிளைடர், அதாவது பொறியின்றிப் பறக்கும் ஊர்தி, 1957 நவம்பரில் பறந்தது. கண்ணாடி இழையால் ஆன முதல் கிளைடர் அதுவே. அமெரிக்காவில் லியோ விண்டெக்கர் என்னும் பல் மருத்துவர் முனைந்து உருவாக்கிய 'ஈகிள்' விமானம் 1969-இல் அரசுச் சான்று பெற்றது. (பற்களுக்குப் பிசின் பூசியவர் விமானத்துக்கும் பூசினார் என்று வேடிக்கையாகக் கூறலாம்.) பர்ட் ரூட்டானின் வடிவமைப்புகள் 1970களில் வீட்டுக் கொட்டகைகளிலேயே கூட்டுப்பொருள் விமானம் கட்டும் வழக்கத்தைப் பரப்பின. நம் நாட்டில் பெங்களூர் தேசிய வானூர்தி ஆய்வகம் உருவாக்கிய 'ஹன்சா' என்னும் ஈரிருக்கைப் பயிற்சி விமானம் 1993 நவம்பரில் முதன்முறை பறந்து, 2000-ஆம் ஆண்டில் சான்று பெற்று, விமானப் பயிற்சிக் கழகங்களுக்கு வழங்கப்பட்டது. ஆகவே, கூட்டுப்பொருள் எவ்வாறு மூப்படைகிறது என்பதற்கு அறுபது ஆண்டுகளுக்கும் மேற்பட்ட சான்று இன்று நம்மிடம் உண்டு. 1960களில் கட்டப்பட்ட 'லிபெல்லே' கிளைடர்கள் இன்றும் பறந்துகொண்டிருக்கின்றன.

உலோகத்தின் சோர்வும் இழையின் பொறுமையும்

இரும்புக் கம்பியை ஒரே இடத்தில் மடக்கி நிமிர்த்திக்கொண்டே இருந்தால் ஒரு நிலையில் அது ஒடிகிறது. ஒருமுறை மடக்கியபோது தாங்கிய கம்பி நூறாவது முறை தாங்கவில்லை. இதையே பொறியியலார் உலோகச் சோர்வு என்பர். 1954-இல் 'காமெட்' என்னும் பிரிட்டானிய ஜெட் விமானங்கள் இரண்டு அடுத்தடுத்து வானில் சிதறியபோது இச்சோர்வின் கொடுமையை உலகம் உணர்ந்தது. அது பழங்கதை என்று ஒதுக்கவும் இயலாது. அலுமினியத்தால் ஆன 'பிளானிக் எல்-13' என்னும் கிளைடர் ஒன்று 2010 ஜூனில் ஆஸ்திரியாவில் சிறகு முறிந்து விழுந்தது. சிறகைத் தாங்கும் முதன்மைத் தண்டில் சோர்வு விரிசல் கண்டறியப்பட்டதும் உலகெங்கும் அவ்வகைக் கிளைடர்கள் தரையில் நிறுத்தப்பட்டன.

கூட்டுப்பொருளின் போக்கு வேறு. உலோகத்தில் தோன்றிய விரிசல் தடையின்றி ஓடும். இழைக்கட்டிலோ ஒவ்வோர் இழையும் தனித்து நிற்கிறது. தேங்காய் நார்க் கயிற்றில் ஒரு புரி அறுந்தாலும் மற்றவை சுமையை ஏற்பதுபோல, ஓர் இழை அறுந்தால் விரிசல் அடுத்த இழையின் வாயிலில் நின்று திசை மாறிப்போகிறது. மேலும், கண்ணாடி இழைச் சிறகு எளிதில் வளையும் இயல்பினது. அது மிகுதியாக வளையாதிருக்க வேண்டுமென்று கருதி வடிவமைப்பாளர் வலிமைக்குத் தேவையானதினும் கூடுதலான இழையை இடுகின்றனர். அதனால் ஒவ்வோர் இழையும் தன் ஆற்றலின் ஒரு பகுதியை மட்டுமே செலவிட்டு வாழ்நாளைக் கழிக்கிறது.

இவ்வுண்மை தொடக்கத்தில் எவருக்கும் உறுதியாகத் தெரியாது. ஆகவே, ஜெர்மானிய அதிகாரிகள் கிளைடர்களுக்கு முதலில் 3,000 பறத்தல் மணி என்று எச்சரிக்கையாக எல்லை வகுத்தனர். பின்னர், ஆய்வில் தேறியவற்றுக்கு 6,000, 12,000 மணி எனப் படிப்படியாக நீட்டினர். அமெரிக்காவின் 'சிர்ரஸ்' நிறுவனத்தின் நால்வர் அமரும் விமானங்களுக்கும் 12,000 மணி என்ற எல்லை அமைந்தது. இவ்வெண்ணைப் பலர் தவறாகப் பொருள் கொள்கின்றனர். 12,001-ஆவது மணியில் சிறகு முறியும் என்பது இதன் பொருளன்று. இதுவரைக்கும் சோதித்து நிறுவியுள்ளோம், இதற்கப்பால் மறுபடி நிறுவ வேண்டும் என்பதே பொருள்.

பழைய உடற்கட்டை அறுத்துப் பார்த்தாலன்றி ஐயம் முற்றும் தீராது அல்லவா? அதையும் செய்துள்ளனர். பீச் நிறுவனம் ரூட்டானின் துணையோடு கார்பன் இழையால் உருவாக்கிய 'ஸ்டார்ஷிப்' 1988-இல் சான்று பெற்றது. இது சிறு விமானம் என்பதினும் சற்றுப் பெரியது; வணிகர் பயணத்துக்கானது. 53 மட்டுமே கட்டப்பட்டன. 12 ஆண்டுகள் பணி செய்த ஸ்டார்ஷிப் ஒன்றின் முதன்மைச் சிறகை விச்சிட்டா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பிரித்து, துண்டு துண்டாக அறுத்து, இழுத்தும் அழுத்தியும் சோதித்தனர். 18 ஆண்டுகள் பறந்து ஓய்ந்த போயிங் 737 ஒன்றின் கார்பன் இழை வால்சிறகையும் அவ்வாறே ஆராய்ந்தனர். பொருள் குறிப்பிடத்தக்க அளவில் நலிவுறவில்லை. உறிஞ்சிய ஈரமும் முன்னரே கணித்த அளவை ஒட்டியே இருந்தது. ஆயினும், 2003 முதல் ஸ்டார்ஷிப்புகளை அந்நிறுவனமே திரும்பப் பெற்று அழித்தது. அதற்குக் காரணம் சிறகின் முதுமையன்று. மிகச் சிலவாகிய விமானங்களைப் பேணும் செலவு. விமானங்கள் கணக்கேட்டினாலும் மாய்கின்றன போலும்!

இவ்வளவும் கூறியபின், கூட்டுப்பொருள் விமானத்துக்கு மூப்பே இல்லை என்று முடிவு செய்தல் தகுமா எனின், தகாது. பறத்தலால் அது தளர்வது குறைவு. அதைத் தளர்விப்பவை வேறு. அவற்றுள் பல தரையில் நிற்கும்போதே வந்து சேர்கின்றன.

வெயிலும் நீரும்

அரக்கு வளையலைத் தணலருகே காட்டினால் இளகும். எபாக்சிப் பிசினுக்கும் அத்தகைய ஓர் எல்லை உண்டு. அவ்வெப்பத்தை நெருங்கும்போது அது உருகி ஓடாது. ஆனால் விறைப்பை இழந்து, இழைகளை இறுகப் பற்றும் ஆற்றலில் குறைகிறது. இழைகளைப் பிசின் பற்றியிருக்கும்வரைதான் அவை சுமை தாங்கும். பல கிளைடர்களின் வலிமை 54 பாகை செல்சியஸ் வரைக்குமே நிறுவப்பட்டது. 'டயமண்ட்' நிறுவனத்தின் 'கட்டானா' பயிற்சி விமானத்தில் உடற்கட்டின் வெப்பம் 55 பாகையைக் கடந்துவிட்டதா என்று காட்டும் சிறு குறிகாட்டி வைக்கப்பட்டது. கடந்திருந்தால் ஆறும்வரை பறக்கலாகாது.

கிளைடர்கள் யாவும் அன்னம்போல் வெண்ணிறமாய் இருப்பதன் காரணம் இப்போது விளங்கும். அது அழகு கருதியதன்று. கருநிறப் பரப்பு கடும் வெயிலில் 80 பாகைக்கு மேலும் சூடேறக்கூடும். வெண்பரப்பு அதனினும் வெகுவாகக் குறைந்த வெப்பத்திலேயே நிற்கும். சித்திரை வெயிலில் சிமெந்துத் தளத்தின்மேல் நிறுத்திய விமானத்தின் சிறகு எந்நிறம் என்பது நம் நாட்டுப் பயிற்சிக் கழகங்களுக்கு உயிர்ப் பொருட்டான வினா. விளம்பரத்துக்காகவோ மகிழ்ச்சிக்காகவோ சிறகின் மேல் அகன்ற கரும்பட்டை தீட்ட விரும்புவோர் முதலில் கையேட்டைப் புரட்டுதல் வேண்டும்.

வெயிலில் வெப்பம் மட்டுமன்றிப் புறஊதாக் கதிரும் உண்டு. வாளியின் பிடியை ஒடித்தது அதுவே. கண்ணாடி இழைக்கு அதனால் கேடில்லை, பிசினுக்கு உண்டு. ஆகவேதான் பிசின் வெளியே தெரியாதபடி வண்ணப்பூச்சாலும், கிளைடர்களில் ஜெல்கோட் என்னும் தடித்த வெண்பூச்சாலும் மூடுகின்றனர். ஆண்டுகள் செல்லச் செல்ல ஜெல்கோட் மங்கி, வாய்க்கால் வற்றிய சேறுபோல் நுண்விரிசல் விடும். பார்ப்பதற்கு அச்சம் தரும் இவ்விரிசல் பெரும்பாலும் மேற்பூச்சோடு நின்றுவிடுவது. ஆயினும், நாட்பட விட்டால் அதன் வழியே ஈரமும் கதிரும் உள்ளே இறங்கும்.

அப்பூச்சை நீக்கிப் புதிது பூசும் வேலையில் ஒரு பொறி ஒளிந்துள்ளது. உலோக விமானத்தில் பழைய வண்ணத்தை உரிக்க வேதித் திரவம் தடவுவது வழக்கம். அத்திரவத்தைக் கூட்டுப்பொருளின்மேல் தடவினால் அது வண்ணத்தையும் பிசினையும் வேறுபடுத்தி அறியாது, இரண்டையும் தின்னும். உப்புத்தாள் கொண்டு கையால் தேய்ப்பதே முறை. நூற்றுக்கணக்கான மணி நேர உழைப்பு அது. உரிக்காமல் மேலும் மேலும் பூசிக்கொண்டே போவோரும் உளர். அதனால் திருப்புதட்டுகளின் பின்புறம் எடை கூடி, வேகத்தில் அவை படபடவென அதிரும் கேடு நேரலாம். ஒருமுறை தொடங்கிய அவ்வதிர்வு நொடிகளில் சிறகைக் குலைக்க வல்லது. வண்ணம் பூசியபின் திருப்புதட்டுகளை எடை பார்த்துச் சமன் செய்ய வேண்டும் என்று கையேடுகள் வற்புறுத்துவது இதனாலேயே.

நீரைப் பற்றிச் சுருங்கக் கூறலாம். பிசின் ஈரத்தைச் சிறிதளவு உறிஞ்சும்; உறிஞ்சிய பிசின் முன்னினும் குறைந்த வெப்பத்திலேயே இளகத் தொடங்கும். வடிவமைப்பாளர் இதைக் கணக்கில் கொள்கின்றனர். அவர்கள் கணக்கில் கொள்ளாதது, பிற்காலத்தில் எவரோ ஒருவர் வானொலிக் கம்பம் பொருத்தத் துளையிட்டு, அத்துளையின் வாயை மூடாமல் விட்டதை. சிறகின் தோல் இரு மெல்லிய தகடுகளுக்கிடையே தேன்கூட்டு அமைப்போ நுரைப்பொருளோ வைத்துச் செய்யப்படுவது. மழைநீர் அத்தேன்கூட்டினுள் புகுந்தால் வெளியேற வழியில்லை. விமானம் உயரே சென்றதும் உறைந்து பருத்து, தகட்டை உள்ளிருந்தே பெயர்க்கிறது.

மறைந்து நிற்கும் காயம்

நாம் மிக அஞ்ச வேண்டியது மேற்கூறிய எதுவும் அன்று. அலுமினியத் தகட்டின்மேல் திருகுசாவி விழுந்தால் பள்ளம் விழும். பள்ளமே அடி விழுந்ததற்குச் சாட்சியாக நிற்கும். கூட்டுப்பொருள் அவ்வாறு சாட்சி சொல்வதில்லை. அடி விழுந்த இடம் அமுங்கி மறுகணமே பழைய வடிவுக்கு மீளும். மேலே ஒரு தழும்பும் இராது. உள்ளே அடுக்குகள் ஒன்றை விட்டொன்று பிரிந்திருக்கும்.

ஒட்டிய தாள் அட்டையை எண்ணிப் பார்த்தால் இது விளங்கும். அட்டையை இழுத்து அறுப்பது கடினம். அடுக்கடுக்காக உரிப்பது எளிது. இழை ஓடும் திசையில் மலைபோன்ற வலிமை உண்டு. அடுக்குக்கும் அடுக்குக்கும் இடையே பிசின் மட்டுமே உண்டு. அவ்வாறு பிரிந்த அடுக்கு இழுவிசையில் ஓரளவு தாங்கும். அழுத்துவிசை வரும்போது பிதுங்கி மடியும். சிறகு மேல்நோக்கி வளையும்போது அதன் மேற்பரப்பு அழுத்தத்துக்கு உள்ளாகிறது என்பதையும், ஏணியிலிருந்து நழுவும் கருவிகள் விழுவது அம்மேற்பரப்பின் மீதே என்பதையும் சேர்த்து நோக்குக.

காயம் கண்ணுக்குத் தெரிந்துவிட்டால் அச்சம் பாதியாகும். 1986 டிசம்பரில் 'வாயேஜர்' என்னும் கூட்டுப்பொருள் விமானம் இடையில் எரிபொருள் நிரப்பாமல் உலகைச் சுற்றப் புறப்பட்டபோது, எரிபொருளின் பாரத்தால் சிறகுகள் தாழ்ந்து நுனிகள் ஓடுபாதையில் உராய்ந்து தேய்ந்தன. நுனியில் நின்ற சிறு தட்டுகள் பின்னர்ப் பிய்ந்தே போயின. சேதம் எங்கே, எவ்வளவு என்பது தெரிந்திருந்ததால் டிக் ரூட்டானும் ஜீனா யேகரும் துணிந்து பயணத்தைத் தொடர்ந்து ஒன்பது நாளில் திரும்பினர்.

மறைந்த காயத்தைக் காண வழி என்ன? மண்பானை வாங்குவோர் விரலால் சுண்டிப் பார்க்கின்றனர். நல்ல பானை கணீரென ஒலிக்கும். கீறிய பானை மந்தமாய் ஒலிக்கும். விமானக் கொட்டகையிலும் முதற்கருவி அதுவே. நாணயத்தாலோ சிறு சுத்தியாலோ தட்டிச் செல்கையில் ஒலி மந்தமாகும் இடத்தில் அடுக்கு பிரிந்திருக்கிறது என்று கொள்கின்றனர். மெல்லிய தோலுக்கு இது போதும். தடித்த தண்டுக்கு மீயொலிக் கருவி வேண்டும். எக்கருவியும் முழுமையாகக் கூற இயலாத ஒன்றும் உண்டு. இரு பாகங்களைப் பசையால் ஒட்டிய இடத்தில் அவை நெருங்கித் தொட்டுக்கொண்டிருந்தும் பற்றாமல் இருக்கக் கூடும். ஒட்டுமுன் பரப்பில் பட்ட மெழுகோ விரல் பிசுக்கோ அதற்குப் போதும். ஒலி அங்கே நன்றாகவே இருக்கும். ஆகவே, ஒட்டின் தரத்தை ஒட்டியபின் சோதித்து அறிவதைக் காட்டிலும் ஒட்டும்போதே காத்தல் இன்றியமையாதது.

சிறகு நலமாயிருந்தும் அதனை உடலோடு பிணைக்கும் ஊசிகளும் கீல்களும் உலோகமே என்பதை மறத்தலாகாது. பழைய கூட்டுப்பொருள் விமானங்களில் பட்டறையார் முதலில் அசைத்துப் பார்ப்பது அவற்றையே. தேய்மானமும் துருவும் அங்கே வழக்கம்போல் வரும். கார்பன் இழை அலுமினியத்தை நேரே தொட்டு ஈரமும் சேர்ந்தால் மின்கலத்தில் நிகழ்வதுபோல் அலுமினியம் அரிக்கப்படும். இடையே ஒரு கண்ணாடி இழை அடுக்கை வைத்துப் பிரிப்பது இதைத் தடுக்கவே.

ஆகவே, பழைய கூட்டுப்பொருள் விமானம் ஒன்றை வாங்கவோ, மாணவரை ஏற்றவோ எண்ணும் கழகத்தார் முதலில் புரட்ட வேண்டியது அதன் பதிவேட்டை. மணிக்கணக்கு அதில் ஒரு பகுதிதான். கடினமாகத் தரையிறங்கியது எப்போது, ஆலங்கட்டி மழையில் வெளியே நின்றதா, இழுவண்டி மோதியதா, துளை எங்கே இட்டனர், பூச்சு எத்தனை முறை மாறியது என்பன மணிக்கணக்கினும் மிகுதியாகப் பேசும். கொட்டகைப் பையன் ஒருவன் கையிலிருந்த கருவி நழுவி விழுந்தால், உலோக விமானத்தில் அவன் சொல்லாவிட்டாலும் பள்ளம் சொல்லிவிடும். இங்கே அவன் சொன்னாலன்றி எவருக்கும் தெரியாது. திட்டுக்கு அஞ்சி அவன் வாய் மூடும் பட்டறையில் எத்துணை நுண்கருவி இருந்தும் பயனில்லை. எங்கே வைத்துப் பார்ப்பது என்று அக்கருவிக்குத் தெரியாதன்றோ! விழுந்ததைச் சொன்னவனைத் தண்டிப்பதில்லை என்று தலைமைப் பொறியாளர் முதல்நாளே அறிவித்துவிடுவது, நம் கருத்தில், மீயொலிக் கருவி வாங்குவதற்கும் முந்திய பணி.

பழுது நீக்கலிலும் இதுவே நிலை. சேதமுற்ற பகுதியை வட்டமாக அறுத்து, விளிம்பை நீண்ட சரிவாகத் தேய்த்து, அடுக்கு அடுக்காகப் புதிய துணியை முன்னிருந்த திசையிலேயே இட்டுப் பிசின் ஊட்டி, குறித்த வெப்பத்தில் குறித்த நேரம் காய்ச்சுகின்றனர். வண்ணம் பூசியபின் பழைய தோலும் புதிய தோலும் ஒன்றாகவே தோன்றும். எந்தப் பிசின், எந்தத் தொகுதி, எத்தனை பங்குக்கு எத்தனை பங்கு கடினமாக்கி, எத்தனை பாகை, எத்தனை மணி, செய்தவர் யார் என்பவற்றை ஏட்டில் எழுதுவதோடு நல்ல பட்டறையார் இன்னொன்றும் செய்கின்றனர். அதே துணி, அதே பிசின் கொண்டு உள்ளங்கை அளவு தட்டு ஒன்றைச் சிறகின் அருகிலேயே வைத்து அதே வெப்பத்தில் காயவிடுகின்றனர். சிறகை ஒடித்துப் பார்க்க இயலாது. இத்தட்டை ஒடித்துப் பார்க்கலாம். ஒடித்தது போக எஞ்சிய துண்டில் தேதியும் விமானத்தின் எண்ணும் எழுதி, பதிவேட்டோடு சேர்த்து அலமாரியில் வைக்கின்றனர்.